அப்பாவுக்கு வந்த ‘வங்கி’ மெயில்: ஓடிபி வரை போய் நின்றுவிட்டார், இப்போது என்ன செய்வது?

உறையூர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. பென்ஷன் வருவது ஒரு பொதுத்துறை வங்கிக் கணக்கில். நேற்று மாலை ஐந்தரை மணி வாக்கில் அவருக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. உங்கள் கேஒய்சி புதுப்பிக்கப்படவில்லை, இன்று நள்ளிரவுக்குள் செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று. வங்கியின் லோகோ அச்சு அசல். அனுப்பியவர் பெயர் வரும் இடத்தில் வங்கியின் பெயர்தான் இருக்கிறது. அப்பாவின் முழுப்பெயர், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், இரண்டும் சரி. ‘போலி மெயிலில் எழுத்துப்பிழை இருக்கும்’ என்று எல்லோரும் சொல்வார்களே, மூன்று தடவை படித்துவிட்டேன், ஒரு பிழை இல்லை. என்னைவிட நல்ல ஆங்கிலம்.

லிங்கைத் தொட்டவுடன் வங்கியின் லாகின் பக்கம் மாதிரியே வந்ததாம். யூசர் ஐடி, பாஸ்வேர்டு போட்டிருக்கிறார். அடுத்த பக்கத்தில் டெபிட் கார்டின் 16 இலக்கம், காலாவதி மாதம், பின்பக்க மூன்று இலக்கம். அதையும் போட்டுவிட்டார். கடைசியாக, கேஒய்சியை உறுதிசெய்ய ஓடிபி.

வங்கியில் பதிவு செய்த நம்பர் பழைய பட்டன் போனில் இருக்கிறது, அது எப்போதும் சமையலறை அலமாரியில்தான் கிடக்கும். ஹாலில் இருந்தபடியே ‘ஒரு நம்பர் வந்திருக்கும், படி’ என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு எதையும் முதலிலிருந்து படித்துத்தான் பழக்கம். புதிய பெனிஃபிஷியரியை, அதாவது கணக்கிலிருந்து பணம் அனுப்புவதற்கான ஆளை, சேர்ப்பதற்கான ஓடிபி என்று மெசேஜில் இருந்ததைப் படித்துவிட்டு, ‘யாரைச் சேர்க்கிறீங்க?’ என்று கேட்டாராம். அங்கே நின்றது.

பணம் இதுவரை போகவில்லை. என் கேள்விகள்: இப்போது உடனே என்ன செய்ய வேண்டும்? அனுப்பியவர் இடத்தில் வங்கியின் பெயரே வருவது எப்படி? இனி எந்த மெயில் நிஜம், எது போலி என்று அப்பாவுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இன்று காலை வந்த உண்மையான ஸ்டேட்மென்ட்டையும் பயந்துபோய் அழித்துவிட்டார். அவரிடம் இருப்பது போன் மட்டும்தான், கம்ப்யூட்டர் கிடையாது.

ராத்திரிஷிப்ட்

முதலில் கைவேலை, விளக்கமெல்லாம் பிறகு. இதைப் படித்து முடித்ததும் போனை எடுங்கள்.

கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணை அழைத்து டெபிட் கார்டை பிளாக் செய்யுங்கள். அந்த எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி கஸ்டமர் கேர் எண்கள் அங்கே ஏராளமாக மிதக்கின்றன, ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொன்றில் விழுவீர்கள். ஓடிபி கொடுக்கவில்லையே, கார்டுக்கு என்ன ஆகும் என்று விட்டுவிட வேண்டாம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே கார்டு ஓடும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு முன்பே அணைத்து வைக்கப்பட்டிருந்தால் தப்பிக்கலாம், ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் நேரமில்லை இது.

அடுத்தது நெட்பேங்கிங் பாஸ்வேர்டு. வங்கியின் செயலியை நீங்களே திறந்து, இல்லையென்றால் கிளைக்கே போய், மாற்றுங்கள். அப்பா அதே பாஸ்வேர்டை ஜிமெயிலுக்கும் வைத்திருப்பார், எனக்குத் தெரிந்து பத்துப் பெரியவர்களில் எட்டுப் பேர் அப்படித்தான், அதையும் மாற்றுங்கள். உள்ளே போனதும் பெனிஃபிஷியரி பட்டியலில் தெரியாத பெயர் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் போகாவிட்டாலும் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் பதியலாம். ஒரு ரூபாய் போனாலும் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, அதற்கு விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மெயிலில் அனுப்புநர் பெயர் என்பது தபால் உறையின் மேல் நாம் எழுதும் அனுப்புநர் பெயர் மாதிரி. ‘கலெக்டர், திருச்சி’ என்று நான் எழுதிப் போட்டாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். போன் திரையில் இடம் குறைவு என்பதால் ஜிமெயில் அந்தப் பெயரை மட்டும் காட்டுகிறது, முகவரியை மடக்கி வைத்துவிடுகிறது. மெயிலைத் திறந்து, பெயருக்குக் கீழே பெறுநர் வரியில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அதைத் தொட்டால் முழு முகவரி விரியும். அதில் அட் குறிக்குப் பின்னால் வருவதை மட்டும் பாருங்கள். முன்னால் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மதிப்பில்லை.

அட் குறிக்குப் பின்னால் இருப்பதையும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘வங்கியின் பெயர் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் டாப்’ என்று இருந்தால் அந்த முகவரிக்குச் சொந்தக்காரன் ‘கேஒய்சி-அப்டேட் டாட் டாப்’ என்பதைப் பதிவு செய்தவன்தான். வங்கியின் பெயர் முன்னால் ஒட்டவைத்த ஒட்டு. ஓட்டல் போர்டில் மதுரை என்று இருந்தால் ஓட்டல் மதுரையிலா இருக்கிறது? முகவரியின் கடைசி வரியைத்தானே பார்ப்போம்.

லிங்குக்கும் இதே கணக்கு. தட்டாமல் அழுத்திப் பிடித்தால் எங்கே போகிறது என்று போனே காட்டும். ஆரம்பத்தில் ஹெச்டிடிபிஎஸ்-ஐ ஒட்டி வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள், அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முடிகிற பகுதிதான் சொந்தக்காரன், அதற்கப்புறம் எத்தனை தடவை வங்கியின் பெயர் வந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

உறையூர்க்காரன்

ரொம்ப நன்றி அண்ணா. கார்டு பிளாக் ஆகிவிட்டது, பாஸ்வேர்டுகளும் மாற்றியாகிவிட்டது. பெனிஃபிஷியரி பட்டியலில் அம்மாவும் தங்கையும் மட்டும்தான்.

நீங்கள் சொன்ன அம்புக்குறியைத் தொட்டுப் பார்த்தேன். முதலில் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது, நிஜமாகவே வங்கியிடமிருந்துதான் வந்ததோ என்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டேன். அப்புறம் அந்த முகவரியைக் காப்பி செய்து நோட்ஸில் போட்டு எழுத்தைப் பெரிதாக்கினேன். எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்று இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது! சின்ன எழுத்தில் அசல் எம் மாதிரியே இருக்கிறது. இதை அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார், நானே கண்டுபிடிக்கவில்லையே.

வயல்வெளி

இவ்வளவு சிரமம் எதற்கு? முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பூட்டு இருந்தால் பாதுகாப்பான தளம். எங்கள் ஆபீஸ் பயிற்சியிலேயே சொன்னார்கள்.

ராத்திரிஷிப்ட்

@வயல்வெளி, அந்தப் பயிற்சி பழையது ப்ரோ. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் பூட்டு சொல்வது. தளத்தை நடத்துபவன் திருடனா இல்லையா என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே சில நிமிடங்களில் கிடைக்கிறது, திருடனும் வாங்கிப் போட்டுக்கொள்கிறான். மக்கள் இப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023இல் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது. உறையூர்க்காரரின் அப்பா போய் மாட்டிய பக்கத்திலும் அந்தப் பாதுகாப்பு இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

உருப்படியான மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. வங்கிகளுக்கென்றே ‘டாட் பேங்க் டாட் இன்’ என்ற முடிவை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது, 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. இதைக் கண்ட ஆளும் வாங்க முடியாது, ஹைதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி என்ற அமைப்பு வங்கிகளுக்கு மட்டும்தான் பதிந்து தருகிறது. அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் இந்த ஒன்றைச் சொல்லுங்கள், எம் எது ஆர்-என் எது என்று உற்றுப் பார்க்கும் வேலை பாதி மிச்சம். ஆனால் அது முடிவில் இருக்க வேண்டும். ‘பேங்க் டாட் இன் டாட் வேறு எதுவோ’ என்று நீண்டால் பழைய கதைதான்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஷோ ஒரிஜினல்’ போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி தெரியும், பக்கத்தில் பாஸ் அல்லது ஃபெயில். மெயில் சொல்கிற இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சோதனைகள் இவை. வங்கியின் சரியான முகவரியையே போட்டு, இங்கே டிமார்க் ஃபெயில் என்று வந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம். மூன்றும் பாஸ் என்றால் இன்ன டொமைனிலிருந்துதான் (அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வந்தது என்பது மட்டும் உறுதி. அந்த ஆர்-என் டொமைனைப் பதிந்தவன் அதற்கு டிமார்க்கும் ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தால் அதுவும் பாஸ்தான் காட்டும். இதைத் தெரியாமல் ‘பாஸ் வந்துவிட்டது சார், நிஜம்தான்’ என்று எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம்நம்பர்கவுண்டர்

தம்பி, நான் வங்கியில் 31 வருடம் கவுண்டரிலும் உள்ளேயும் இருந்து ஓய்வு பெற்றவன். டொமைன் பற்றியெல்லாம் எனக்குத் தெரியாது, ராத்திரிஷிப்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ‘கேஒய்சி என்று வந்தாலே போலி’ என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கேஒய்சி புதுப்பிப்பு என்பது நிஜமாகவே இருக்கிற விஷயம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ரிஸ்க் அதிகம் என்று வகைப்படுத்திய வாடிக்கையாளருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நடுத்தரத்துக்கு எட்டு, குறைவானவர்களுக்குப் பத்து. பென்ஷன்காரர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி வகைதான். பத்து வருடத்துக்கு ஒருமுறை வருவது யாருக்கு ஞாபகம் இருக்கும்? அந்த மறதியில்தான் இவன்கள் தூண்டில் போடுகிறான்கள்.

நள்ளிரவுக்குள் என்றானே, அங்கேதான் குட்டு வெளிப்படுகிறது. வங்கியில் எந்த வேலையும் அவ்வளவு வேகமாக நடக்காது, உள்ளே இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். 2025இல் வந்த திருத்தப்படி கெடு தேதிக்கு முன்னாலேயே குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது தபாலில் கடிதமாக வர வேண்டும். கெடு தாண்டிவிட்டாலும் மறுபடி மூன்று நினைவூட்டல், அதிலும் ஒன்று கடிதம். கடிதமே வராமல் சாயங்காலம் மெயில், ராத்திரி முடக்கம் என்றால் அது வங்கி இல்லை. இன்னொன்று, முகவரி எதுவும் மாறவில்லையென்றால் ‘மாற்றமில்லை’ என்று ஒரு சுய அறிவிப்பு கொடுத்தாலே போதும். அதற்கு எதற்கையா கார்டின் பின்பக்க மூன்று இலக்கம்? கேஒய்சி என்பது நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பது. ஏடிஎம் பின் அதில் எங்கேயும் வராது. என் 31 வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் அதைக் கேட்டதில்லை, கேட்கிற அதிகாரமும் எங்களுக்குக் கிடையாது.

பெயரும் கடைசி நான்கு இலக்கமும் சரியாக இருந்ததே என்று மலைத்துப் போகாதீர்கள். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எத்தனை மெசேஜில், எத்தனை ஜெராக்ஸ் கடையில், எத்தனை விண்ணப்பத்தில் கிடக்கிறது. கிளைக்கு எதிரே டீக்கடையில் பக்கோடா கட்டிக்கொடுத்த தாளே யாரோ ஒருவருடைய பழைய ஸ்டேட்மென்ட்டாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் மாதம் கூடுதல் கவனம். வாழ்வுச் சான்றிதழ் கொடுக்கும் காலம். ‘இந்த லிங்கில் ஜீவன் பிரமாண் செய்யாவிட்டால் பென்ஷன் நிற்கும்’ என்று வரும். அப்பாவை நேரில் கிளைக்கு அனுப்புங்கள், நாலு பழைய நண்பர்களையும் பார்த்துவிட்டு வருவார்.

ஏமாந்தகணக்கு

வயசானவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற தொனியில் இந்தத் திரி போகிறதே, அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலை பார்க்கிறவள். அடுத்தவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் சம்பளமே.

போன வருடம் வருமான வரி ரிட்டர்ன் போட்டுவிட்டு ரீஃபண்டுக்காகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த வாரம் ‘உங்கள் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, வங்கிக் கணக்கை உறுதிசெய்யவும்’ என்று மெயில். தொட்டால் வரிசையாக வங்கிகளின் லோகோ, என் வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் அதன் லாகின் பக்கம். இதில் எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று இருக்கிறது. என் பாஸ்வேர்டு மேனேஜர் எப்போதும் தானாக நிரப்பும், அன்றைக்கு நிரப்பவில்லை. நிரப்பாது, ஏனென்றால் அது வேறு டொமைன். அது எனக்கு மணி அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது, நானோ ‘இதுவும் சொதப்ப ஆரம்பித்துவிட்டது’ என்று திட்டிக்கொண்டே கையால் டைப் செய்தேன். ஓடிபியும் கொடுத்தேன், மெசேஜில் நம்பரை மட்டும் பார்த்து. உறையூர்க்காரரின் அம்மா என் வீட்டில் இல்லை.

23,400 ரூபாய். இருபத்தைந்து நிமிடத்துக்குள் 1930ஐ அழைத்துவிட்டேன். அவர்கள் கேட்டது பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எந்த வங்கி. பதறாமல் மெசேஜைப் பார்த்துப் படித்தேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் 9,000 மட்டும் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது, அதை நிறுத்தி வைத்தார்கள். அது கைக்கு வர மாதக்கணக்கில் அலைந்தேன், கோர்ட் உத்தரவு வாங்கித்தான் கிடைத்தது. மீதி போனது போனதுதான்.

வங்கி தராதா என்று எல்லோரும் கேட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது, அதைக் கரைத்துக் குடித்துவிட்டேன். தப்பு வங்கியின் பக்கமும் இல்லை, நம் பக்கமும் இல்லை, நடுவில் எங்கோ என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நம் தலையில். நாமே பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால் அது நம் கவனக்குறைவு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க நம்முடையது. தெரிவித்த பிறகு போவதெல்லாம் வங்கி ஏற்க வேண்டும். அதனால் 1930க்குச் சொன்ன கையோடு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வங்கிக்கு அடுத்த நாள் காலையில்தான் சொன்னேன், நல்லவேளை இரவில் வேறு எதுவும் போகவில்லை.

அப்புறம் ரீஃபண்ட் என்பது வரித்துறைத் தளத்தில் நாம் முன்கூட்டியே உறுதிசெய்து வைத்த கணக்குக்குத் தானாக வரும், லிங்க் தட்டி வாங்க வேண்டியதில்லை. இதுவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும்தான் தட்டினேன். எதிர்பார்த்துக் காத்திருக்கும் விஷயமாகவே மெயில் வந்தால் மூளை அந்தப் பக்கம் போவதே இல்லை.

அதனால் நான் இப்போது நிஜமா போலியா என்று ஆராய்ச்சியே செய்வதில்லை. வங்கி மெயிலில் என்ன சொன்னாலும் படித்துவிட்டு மூடிவிடுவேன், செயலியை நானே தனியாகத் திறந்து பார்ப்பேன். நிஜமாகவே வங்கிக்கு என்னிடம் வேலை இருந்தால் பெரும்பாலும் உள்ளே போனதும் தெரிந்துவிடும், இல்லையென்றால் கிளைக்கு ஒரு போன்.

வயல்வெளி

பூட்டு விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம், வங்கி மாதாமாதம் ஸ்டேட்மென்ட் அனுப்புகிறதே, அதைத் திறக்கவும் பாஸ்வேர்டு கேட்கிறது, அதையும் திறக்கக் கூடாதா?

ராத்திரிஷிப்ட்

பிடிஎஃப் கேட்பது அந்த ஃபைலைத் திறக்க மட்டுமான பாஸ்வேர்டு, பெயரில் நான்கு எழுத்து, பிறந்த தேதி என்கிற மாதிரி. நெட்பேங்கிங் பாஸ்வேர்டை எந்த ஃபைலும் கேட்கக் கூடாது. மெயிலோடு வரும் ஃபைலின் பெயர் ஹெச்டிஎம்எல் என்று முடிந்தால் திறக்காதீர்கள், அது பிரவுசரில் திறக்கும் போலி லாகின் பக்கமாக இருக்கும். ஏபிகே என்று முடிந்தால் அது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஃபைல், போனையே கொள்ளையடிக்க வந்தது. பிடிஎஃப் உள்ளே கியூஆர் கோடு வைத்து ‘ஸ்கேன் செய்து கேஒய்சி முடிக்கவும்’ என்பதும் நடக்கிறது, லிங்க்கைச் சோதிக்கும் மெயில் வடிகட்டியிடம் தப்பிக்க அப்படிப் படமாக வைக்கிறார்கள்.

ஸ்டேட்மென்ட்டையும் செயலியிலேயே எடுத்துக்கொள்ளலாம், அக்கா சொன்ன வழிதான் எனக்கும் பிடித்தது.

உறையூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘டெஸ்டரே ஏமாந்திருக்கிறார்களா’ என்று கேட்டவர், இரண்டு நாளுக்கு அப்புறம் இன்றுதான் சரியாகச் சாப்பிட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐயா சொன்னபடி இன்று காலை அவரைக் கிளைக்கு அழைத்துப் போனேன். புதிய கார்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, அந்த மெயிலையும் காட்டினோம். மேனேஜர் கம்ப்யூட்டரில் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்பாவுக்கு நிஜமாகவே கேஒய்சி பாக்கி இருக்கிறதாம், அடுத்த மாதம் கெடு. கடிதமும் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தேடினால் அது டிவி மேல், பால் கணக்கு நோட்டுக்கு அடியில், பிரிக்காமலே இருக்கிறது.

நாலாம்நம்பர்கவுண்டர்

நாங்கள் அனுப்புகிற கடிதத்தை என்றைக்குத் தம்பி யார் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்? சுய அறிவிப்பு கொடுத்தீர்களா? கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கினீர்களா?

உறையூர்க்காரன்

கொடுத்தோம் ஐயா. சீட்டு வாங்கவில்லை. திங்கட்கிழமை அப்பாவே போய் வாங்கி வருகிறேன் என்கிறார்.